ரவுட்டர் ஜன்னலில், வேலை கீழ்வீட்டில்: சரிவான காணியில் நெட்வொர்க் கேபிள் இழுப்பது எப்படி?

நோர்வூட்வாசி:

வணக்கம். வீட்டில் நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போகிறேன். சாமான் வாங்க ஹட்டனுக்குப் போவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவ போகும் வழியில், வீதியோரம். இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். வீதி மட்டத்தில் முன்னறையும் அப்பாவின் தையல் கடையும். அதற்குக் கீழே சரிவில் குசினியும் இரண்டு அறைகளும். வீதியில் போகிறவருக்கு ஒற்றைத் தட்டு வீடு, பின்னால் தோட்டத்திலிருந்து பார்த்தால் இரட்டைத் தட்டு. கீழ்த்தட்டின் ஒரு பக்கச் சுவர் மண்ணைத் தாங்கிப் பிடிக்கிற கருங்கல் கட்டு, இரண்டு தட்டுக்கும் நடுவே கொங்கிரீட், மேலே தகரம். இன்னும் கீழே படி இறங்கினால், ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டிலாக இருந்து இப்போது அறையாகக் கட்டிய இடம் இருக்கிறது. அங்கேதான் நான் உட்கார்ந்து கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். வீட்டுக்குள் வேலை செய்ய முடியாது, தையல் மெஷின் சத்தம். வீட்டுச் சுவரிலிருந்து அந்த அறைக்குப் படியோரமாக அளந்தால் 110 அடி.

எங்கள் வளைவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, 4ஜி ரவுட்டர்தான். எதிர் மலையில் உள்ள டவர் முன்னறை ஜன்னலின் இடது மூலைக்கு மட்டும்தான் தெரியும் போல. அங்கே வைத்தால் மூன்று கோடு, வேறெங்கு வைத்தாலும் ஒன்று. அம்மா தூசு தட்டும்போது அதை அரை அடி தள்ளி வைத்தால் போதும், கீழே தங்கச்சியின் ஏ.எல். சூம் வகுப்பு அப்படியே நின்றுவிடும். ஆகவே ரவுட்டர் அந்த மூலையை விட்டு அசையாது. மற்றதெல்லாம் அங்கிருந்துதான் போக வேண்டும்.

எனக்குக் கேட்க வேண்டியது இவ்வளவுதான். கேபிள் தரத்தில் கேட் 5இ போதுமா, அதற்கு மேலான கேட் 6 வாங்க வேண்டுமா? கடையில் ஒரு பெட்டி கேட் 6 நம்ப முடியாத மலிவு விலைக்குத் தருகிறார்கள், எடுக்கலாமா? கரண்ட் வயர் போகிற பைப்பிலேயே இதையும் விடலாமா? கீழ் அறைக்கு வெளியே கேபிள் கொண்டு போவதற்கு என்ன வழி? ஒக்டோபர் வந்தால் எங்கள் பக்கம் இடி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை:

ப்ரோ, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? மூன்று பெட்டி மெஷ் செட் ஒன்று வாங்கி மேலே ஒன்று, கீழே ஒன்று, அறையில் ஒன்று வையுங்க. பத்து நிமிஷ வேலை. எங்கள் ஃபிளாட்டில் அப்படித்தான், சுவரில் ஒரு ஓட்டை போடவில்லை.

நோர்வூட்வாசி:

நன்றி ப்ரோ. ஆனால் அந்த மெஷ் பெட்டிகளும் ஒன்றோடு ஒன்று வைஃபையில்தானே பேச வேண்டும்? நடுவில் இருப்பது கொங்கிரீட்டும் கருங்கல்லும். நண்பர் ஒருவரின் செட்டை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். கீழ்த்தட்டில் வைத்த பெட்டி மேலே உள்ளதைப் பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது. படிக்குக் கீழே உள்ள அறையில் பிடிக்கவே இல்லை.

ஹட்டன் வயர்காரர்:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. மெஷ் கெட்ட சாமான் இல்லை, செங்கல் சுவர் வீட்டுக்கு நல்லது. கருங்கல்லுக்கு அது ஆகாது. நான் இந்த மலைகளில் பழைய பங்களாக்களிலும் புது வீடுகளிலும் கரண்ட் வேலையும் கேபிள் வேலையும் பார்க்கிறவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கேபிள் இழுப்பதால் இணைய வேகம் கூடாது. டவரிலிருந்து ஜன்னலுக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். ஜன்னலிலிருந்து உங்கள் மேசைக்கு வரும் வழியில் சிந்தாமல் வரும், அதுதான் லாபம். காசு செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கீழ்த்தட்டில் லப்டொப்பை வைத்துக்கொண்டு ரவுட்டரின் முகவரிக்கு, அனேகமாக 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும், பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் கட்டளை) அடித்து ஓட விடுங்கள். திரையில் இன்னொரு பெட்டியைத் திறந்து 8.8.8.8க்கும் ஓட விடுங்கள், அது வெளியே இணையத்தில் உள்ள கூகிள் முகவரி. ரவுட்டருக்கே 2 மில்லிசெக்கன், அடுத்தது 300, அடுத்தது பதிலே இல்லை என்று குதித்தால் குற்றம் வைஃபையில், கேபிள் அதைத் தீர்க்கும். ரவுட்டருக்கு ஒழுங்காக வந்து வெளியே போவது மட்டும் குதித்தால் குற்றம் டவர் பக்கம். அதற்கு நீங்கள் தங்கத்தில் கேபிள் இழுத்தாலும் பிரயோசனம் இல்லை.

அடுத்தது கேபிள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட் வேகத்துக்கு, கேட் 5இ தாராளம், 100 மீற்றர் வரை போகும். கேட் 6இல் 10 கிகாபிட் கூட ஐம்பது மீற்றர் சுமாருக்குப் போகும், அது உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் நான் கேட் 6தான் போடச் சொல்வேன். சுவருக்குள் போனது பத்துப் பதினைந்து வருஷம் அங்கேயே கிடக்கும், இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

அந்த நம்ப முடியாத விலைப் பெட்டியை நம்பாதீர்கள். அது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய சாமானாக இருக்கும். பெட்டியில் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'சிசிஏ' (CCA) என்று போட்டிருப்பார்கள், சிலர் அதையும் போட மாட்டார்கள். ஒரு முழம் வெட்டித் தரச் சொல்லி, உள்ளே உள்ள கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளி மாதிரி மின்னினால் அலுமினியம். இன்னும் சந்தேகமென்றால் லைட்டர் நெருப்பில் நுனியைப் பிடியுங்கள். அலுமினியம் உருகிச் சுருங்கிவிடும், செம்பு கறுத்துப் போய் அப்படியே நிற்கும். அலுமினியக் கம்பி நாலு தடவை வளைத்தால் ஒடியும், ஜாக்கில் அழுத்திய இடத்தில் நாளாக ஆகத் தளரும். நம் பக்கத்து மூடுபனிக்கும் ஈரத்துக்கும் அது ஒத்து வராது. பின்னால் ஒரு காலத்தில் கேமரா பூட்டி, கேபிள் வழியாகவே அதற்குக் கரண்ட் கொடுக்க நினைத்தால் சூடேறும். வேண்டவே வேண்டாம்.

கரண்ட் வயர் பைப்புக்குள் இதை விடக்கூடாது. வேகம் குறையும் என்பதெல்லாம் அப்புறம். உள்ளே எலி கடித்தோ ஆணி பட்டோ 230 வோல்ட் இந்த மெல்லிய கம்பிக்கு ஏறினால் முனையில் கை வைப்பது உங்கள் தங்கச்சி. தனிப் பைப், சுவரில் பதிக்கத் தனி சங்க் பொக்ஸ். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீளமாக ஓட வேண்டி வந்தால் ஒரு அடி தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள்.

வழி எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாதிரி வீடுகளில் குசினிக்குத் தண்ணீர்க் குழாய் இறங்குகிற மூலை ஒன்று இருக்கும், கொங்கிரீட்டில் அங்கே ஏற்கனவே ஓட்டை இருக்கும். அதற்குப் பக்கத்தில் துளைத்தால் கம்பி அகப்படாமல் தப்பலாம். 25 மில்லி பிவிசி பைப் போட்டு, கேபிள் ஒன்றுதான் தேவை என்றாலும் இரண்டு விடுங்கள். கூடவே ஒரு நைலோன் கயிற்றையும் உள்ளே விட்டு வையுங்கள், பிறகு எதையாவது இழுக்க உதவும். கருங்கல் சுவரைத் துளைக்க நினைக்கவே வேண்டாம். பிட் போவதோடு மேசன் பாஸும் போய்விடுவார்.

ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் கீழ்த்தட்டுக்கு. அங்கே குசினியை விட்டுத் தள்ளி, உயரத்தில், ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, ஒரு கேபிளைப் பலதாகப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி. அதிலிருந்து தங்கச்சியின் மேசைக்கு ஒன்று, வைஃபை பெட்டி வைப்பதற்கு ஒன்று, படிக்குக் கீழே உள்ள அறைக்கு ஒன்று. சாதாரண சுவிட்ச் போதும், செட்டிங் எதுவும் இல்லை, பூட்டினால் வேலை செய்யும்.

இனி அந்த 110 அடி. வீட்டுச் சுவரைத் தாண்டி வேறு கட்டடத்துக்குப் போகும் இடத்தில் செம்புக் கேபிள் போடாதீர்கள். ஃபைபர் போடுங்கள். மற்றதில் எதை வேண்டுமானாலும் மாற்றிச் செய்யுங்கள், இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

நோர்வூட்வாசி:

அண்ணே, மிக்க நன்றி. பிங் அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே ரவுட்டருக்கே தாறுமாறாகக் குதிக்கிறது. ஆகவே கேபிள்தான்.

ஃபைபர் விஷயத்தில் ஒரு சந்தேகம். கடைக்காரர் சொல்கிறார், வெளியில் போடுகிற கறுப்பு உறைக் கேபிள் வாங்கி, இரண்டு முனையிலும் இடி தாங்கும் சின்னப் பெட்டி பூட்டினால் போதுமாம். அதோடு, அந்த அறைக்கு வீட்டிலிருந்து கரண்ட் வயர் ஏற்கனவே போகிறது. அதுவும் செம்புதானே? இடி வருவதென்றால் அதிலேயே வராதா? அதற்கில்லாத பயம் இதற்கு ஏன்?

ஹட்டன் வயர்காரர்:

நல்ல கேள்வி. கடையில் நிற்கிற பையன்கள் இதை யோசிப்பதில்லை.

கறுப்பு உறை வெயிலையும் மழையையும் தாங்கும், அவ்வளவுதான். இடிக்கும் உறையின் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இடி நேராக உங்கள் கேபிளில் விழ வேண்டியதில்லை. பக்கத்து மலையில் ஒரு சவுக்கு மரத்தில் விழுந்தாலே நிலத்துக்குள் கரண்ட் பரவும். அந்த நேரம் மேலே வீட்டு எர்த்துக்கும் கீழே அறைப் பக்கத்து நிலத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். நெட்வொர்க் போர்ட்டுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறது, 1500 வோல்ட் தாங்கும்படி அதைச் செய்கிறார்கள். அதற்கு மேல் போனால் அது வழிவிட்டுவிடும்.

கரண்ட் வயர் போகிறதே என்கிறீர்கள். போகிறது. அதில் வரும் இடி முதலில் உங்கள் லப்டொப் சார்ஜரை அடிக்கும், பெரும்பாலும் சார்ஜரோடு போய்விடும். ஆனால் கரண்ட் வயரும் செம்பு நெட்வொர்க் கேபிளும் இரண்டுமாக அந்த அறைக்குப் போனால், இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பது உங்கள் கம்ப்யூட்டர். ஒன்றில் வந்தது மற்றதில் வெளியேற அதற்குள் புகுந்து போகும். போகிற வழியில் சுவிட்ச், ரவுட்டர், அடுத்த மேசையில் உள்ள லப்டொப் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போகும். இன்னொன்று, அந்த இரண்டு வயரும் வேறு வேறு பாதையில் போனால் சரிவில் ஒரு பெரிய வளையம் போட்ட மாதிரி. தூரத்து மின்னல் கூட அந்த வளையத்துக்குள் வோல்ட்டேஜைக் கிளப்பும்.

டிக்கோயா பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். கீழே கோழிக்கூட்டுக்குக் கேமரா வைத்து, செம்புக் கேபிள் இழுத்திருந்தார்கள். ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடி ஒன்றுக்குப் பிறகு கூப்பிட்டார்கள். கேமரா, ரெக்கோடர், ரவுட்டர், டிவியின் நெட்வொர்க் போர்ட், எல்லாம் வரிசையாகச் செத்திருந்தன. ட்ரிப் சுவிட்ச் விழவே இல்லை. கேபிளில் பூட்டாத டிவி ஒன்று மற்ற அறையில் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இடி தாங்கும் பெட்டி நல்ல எர்த் இருந்தால் வேலை செய்யும். ஒவ்வொரு முனையிலும் ஒழுங்கான எர்த் கம்பி, குட்டையான தடித்த வயர், எல்லாம் வேண்டும். நம் வீடுகளில் எர்த் கம்பியை யார் கடைசியாகப் பார்த்தார்கள்? பாறையில் இரண்டடி இறக்கி, மேலே சீமெந்து பூசி மறைத்த எர்த்தை நம்பி அந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கண்ணாடி இழையில் கரண்ட் போகாது. அங்கே வாதமே இல்லை.

வாங்க வேண்டியது: சிங்கிள் மோட் ஃபைபர், இரண்டு முனையிலும் கனெக்டர் கடையிலேயே பொருத்தியது, 50 மீற்றர். உங்கள் 110 அடி 34 மீற்றர்தான், ஆனால் இரண்டு பக்கமும் சுவர் ஏறி இறங்க வேண்டும், மிச்சத்தைச் சுருட்டி வைக்கலாம். வளையம் உள்ளங்கையை விடச் சின்னதாக வேண்டாம். அப்புறம் மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடி, ஃபைபரின் ஒளியையும் செம்புக் கேபிளின் சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றுகிற பெட்டி, முனைக்கு ஒன்று. கிகாபிட் என்று பார்த்து எடுங்கள், 100 மெகாபிட்டும் அதே தோற்றத்தில் விற்கிறார்கள். ஒற்றை இழையில் ஓடும் கன்வர்ட்டர் என்றால் ஒன்று 'ஏ', மற்றது 'பி' என்று இருக்கும். ஒன்று 1310 நானோமீற்றரில் அனுப்பும், மற்றது 1550இல். இரண்டு 'ஏ' வாங்கி வந்தால் லைட் எரியாது.

கனெக்டர் நிறத்தைக் கவனியுங்கள். இந்தக் கன்வர்ட்டர்களுக்கு நீலம். வீட்டு ஃபைபர் கனெக்ஷனுக்கு வருகிற பச்சை வேறு, அதன் முகம் சரிவாக வெட்டியிருக்கும். நீலத்தில் பச்சையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஒளி பாதி வழியில் வீணாகும். பூட்டிய முனையைக் கண்ணருகே பிடித்து எட்டிப் பார்க்காதீர்கள், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கம்பத்தில் தொங்கவிடுகிற ஃபைபரில் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். அதை வாங்கி இரண்டு பக்கமும் சுவர் ஆணியில் கட்டினால் இடிக்கு மறுபடி பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. இரும்பே இல்லாததாகக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் இரும்பைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே கொண்டு போங்கள்.

மண்ணுக்குள் புதைக்கத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் போதும், கனெக்டர் தலை நுழைகிற அளவு. கயிற்றைக் கேபிள் உறையில் கட்டி இழுங்கள், கனெக்டரில் கட்டினால் கையோடு வந்துவிடும். படியின் சீமெந்து ஓரத்தை ஒட்டி ஒன்றரை அடி ஆழம். பாத்தி வெட்டுகிற இடத்தில் போடாதீர்கள். மண்வெட்டிக்கு ஃபைபரும் தெரியாது, லீக்ஸும் தெரியாது. காட்டுப்பன்றி வருகிற காணி என்றால் மேலே இரண்டு வரிசை கல் அடுக்குங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

தம்பி, வயர்காரர் ஐயா பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார். நான் எங்கள் வீட்டுக்கு நானே இழுத்தவள், சின்ன விஷயங்கள் கொஞ்சம் சொல்கிறேன்.

கேபிள் முனையில் பிளக் அடிக்கும் கிரிம்பரும் டெஸ்டரும் வாங்குங்கள், இரவல் கேட்டு அலைய வேண்டாம். டெஸ்டர் என்பது எட்டு லைட் வரிசையாக எரியும் மலிவான சாமான்தான். நிற வரிசை இது: வெள்ளை-ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. இதற்கு 'பி' முறை என்று பெயர், 'ஏ' முறையில் பச்சையும் ஒரேஞ்சும் இடம் மாறும். எதைப் போட்டாலும் சரி, வீடு முழுக்க ஒன்றையே போடுங்கள். பச்சை ஜோடியைப் பிரித்து நீல ஜோடியை நடுவில் விடுவதுதான் ஆரம்பத்தில் குழப்பும். அதை அடுத்தடுத்துப் போட்டாலும் டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரியும், ஆனால் நெட்வொர்க் தடுமாறும்.

முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். அரை அங்குலம் போதும். அழகாக இருக்கட்டும் என்று மூன்று அங்குலத்துக்குப் பிரித்து நேராக்கிச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முறுக்குத்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சலை வெட்டுகிறது.

சுவருக்குள் போகிற கேபிள் கெட்டியான ஒற்றைக் கம்பி உள்ளது. அதன் முனையில் பிளக் அடித்து நேராக லப்டொப்பில் செருகாதீர்கள், அசைந்து அசைந்து ஒடியும். சுவரில் ஜாக் வைத்து, அங்கிருந்து ரெடிமேட் கோர்ட் போடுங்கள்.

சுவரை உடைக்க வீட்டில் விடவில்லை என்றால் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டலாம். ஆனால் இரட்டை ஒட்டு டேப்பை நம்ப வேண்டாம், உங்கள் பக்கத்துச் சுவர் ஜூலையில் வியர்க்கும், கேசிங் இரவோடு இரவாகக் கழன்று தொங்கும். ஸ்க்ரூ அடியுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெறும் கேபிளாக ஓட்டினால் எலிக்கு விருந்து. அங்கே பைப் கட்டாயம்.

வெளியிலிருந்து பைப் உள்ளே நுழைகிற ஓட்டையை வெளிப்பக்கம் சரியும்படி துளையுங்கள். நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கீழே வைஃபை பெட்டி வாங்கவும் வேண்டாம். பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரியில் கிடக்கும்தானே? அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி, மேலே உள்ளதோடு முட்டாதபடி மாற்றி, அதில் டிஎச்சிபியை (ஃபோன், லப்டொப்புக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை 'வான்' (WAN) என்று எழுதிய போர்ட்டில் செருகாமல் மற்ற நாலில் ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மேலே உள்ளதையே கொடுத்தால் ஃபோன் தானாக மாறிக்கொள்ளும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு பேரும் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள், எதில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

கொட்டாஞ்சேனை:

இவ்வளவு இருக்கா! ஒரு யோசனை, வெளியே கூரையில் பூட்டுகிற 4ஜி ரவுட்டர் வருகிறதே, கேபிள் வழியாகவே கரண்ட் போவது. அதைப் போட்டால் சிக்னலும் கூடும், ஜன்னல் தொல்லையும் இல்லை.

ஹட்டன் வயர்காரர்:

சிக்னல் கூடும், உண்மை. ஆனால் தகரக் கூரைக்கு மேலே, சரிவின் உச்சியில், ஒரு கம்பத்தில் செம்புக் கேபிளோடு நிற்கிற சாமான் அது. எர்த் செய்யாமல் நான் பூட்டித் தர மாட்டேன். கூரை விளிம்புக்குக் கீழே, டவர் பார்க்கிற சுவரில் பூட்டினால் ஓரளவு தப்பிக்கலாம், இடி நேரத்தில் கேபிளைக் கழற்றவும் வேண்டும். மூன்று கோடு வருகிற ஜன்னல் கையில் இருக்கும்போது இப்போதைக்குத் தேவையில்லை.

நோர்வூட்வாசி:

வேலை முடிந்தது. எல்லோருக்கும் பெரிய நன்றி. ஹட்டனில் வேறு கடையில் உண்மையான செம்புக் கேட் 6 மீற்றர் கணக்கில் வெட்டித் தந்தார்கள். சுரண்டிப் பார்த்தேன், கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், பரவாயில்லை. குசினிக் குழாய் மூலையில்தான் பைப் இறங்கியது. ஃபைபர் புதைக்க மாமாவும் மச்சானும் வந்தார்கள், அம்மா கொத்து ரொட்டி போட்டார், ஒரு பகல் போனதே தெரியவில்லை. கன்வர்ட்டர் லைட் முதல் தடவையே எரிந்தது.

அறையிலிருந்து ரவுட்டருக்குப் பிங் இப்போது 1 மில்லிசெக்கனுக்குக் கீழே, அசையாமல் நிற்கிறது. இணைய வேகம் அண்ணன் சொன்னபடி முன்பு இருந்ததுதான், ஆனால் கோல் நடுவில் அறுவதில்லை.

ஒரே ஒரு குறை. தங்கச்சியின் மேசையில் மட்டும் 1000க்குப் பதில் 100 என்று காட்டுகிறது. டெஸ்டரில் சுவர் ஜாக் வரைக்கும் எட்டு லைட்டும் வரிசையாக எரிகிறது. சூமுக்கு 100 போதும் என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பண்டாரவளை டீச்சர்:

ஜாக்கிலிருந்து லப்டொப்புக்குப் போகிற கோர்ட் எங்கே வாங்கியது? 100க்கு நாலு கம்பி போதும், 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய ரவுட்டர் பெட்டிகளோடு இலவசமாக வருகிற கோர்ட் சிலதில் நாலு கம்பிதான் இருக்கும். கண்ணாடி பிளக்குக்குள் பார்த்தால் நாலு நிறம் மட்டும் தெரியும்.

நோர்வூட்வாசி:

டீச்சர், சரியாகப் பிடித்தீர்கள்! பழைய ரவுட்டர் பெட்டியோடு வந்த மஞ்சள் கோர்ட். நாலே கம்பி. மாற்றியதும் 1000 காட்டுகிறது.

கடைசியாக ஒன்று. கரண்ட் போனால் ரவுட்டருக்கு 2022இல் வாங்கிய மினி யுபிஎஸ் இருக்கிறது. சுவிட்சையும் கன்வர்ட்டரையும் கூட அந்த மாதிரி ஒன்றில் பூட்டலாமா?

ஹட்டன் வயர்காரர்:

பூட்டலாம், ஆனால் வோல்ட் பார்த்து. உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டாக இருக்கும். சின்ன சுவிட்ச் அனேகமாக 5 அல்லது 9, கன்வர்ட்டர் அனேகமாக 5. பிளக் தலை ஒரே அளவு என்பதற்காக 12ஐச் செருகினால் புகை வரும். ஒவ்வொன்றின் அடாப்டரிலும் எழுதியிருப்பதைப் படித்து, யுபிஎஸ்ஸில் அதே வோல்ட் எழுதிய வாயில் மட்டும் செருகுங்கள். மேலே ரவுட்டருக்கு ஒன்று, கீழ்த்தட்டில் சுவிட்சுக்கும் முதல் கன்வர்ட்டருக்கும் ஒன்று, அறையில் இரண்டாவது கன்வர்ட்டருக்கு ஒன்று. அறையில் 5 வோல்ட் என்றால் யுபிஎஸ்ஸே தேவையில்லை, யுஎஸ்பியிலிருந்து அந்தப் பிளக்குக்கு வருகிற வயர் ஒன்று வாங்கி லப்டொப்பிலேயே செருகிவிடலாம்.